யாரையும் ‘அடுத்த ஜாஷ் ஆலன்’ என்று சொல்லாதீர்கள்

ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரலில் என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக்) டிராஃப்ட் நெருங்க நெருங்க இந்தப் பேச்சு காதில் விழ ஆரம்பித்துவிடும். “இந்தப் பையன்தான் அடுத்த ஜாஷ் ஆலன்.” ஆள் நல்ல உயரம், கையில் அசுர பலம், ஓடவும் செய்வான். என்ன, கல்லூரியில் எறிந்த பந்தில் பாதி போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. அதனால் என்ன, ஆலனும் அப்படித்தானே இருந்தார், சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும். இந்த ஒரே வாதத்தை நம்பி அமெரிக்க ஃபுட்பால் அணிகள் விட்டது கொஞ்சநஞ்சமல்ல. ஆலனின் கதையை அவர்கள் தப்பாகப் படித்துவிட்டார்கள் என்பது என் கட்சி. விரிவாகவே சொல்கிறேன், பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. பந்தைக் கையில் வாங்கி, தன்னை நோக்கிப் பாய்ந்து வரும் தடியர்களுக்கு நடுவில் நின்று, யாருக்கு எறிவது என்று மூன்று நொடிக்குள் முடிவெடுப்பவர்தான் குவார்ட்டர்பேக். ஆலன் ஆடுவது அந்த இடத்தில்தான். கல்லூரியிலிருந்து வரும் ஆட்டக்காரர்களை 32 அணிகளும் வரிசைப்படி ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுப்பது டிராஃப்ட். ஐபிஎல் ஏலம்போலக் கையில் காசு இருந்தால் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. போன ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. வரிசையில் முன்னால் போக வேண்டுமென்றால் வருங்கால வாய்ப்புகளை அடகு வைக்க வேண்டும்.

இனி 2018க்கு வருவோம். அந்த ஆண்டு முதல் சுற்றில் மட்டும் ஐந்து குவார்ட்டர்பேக்குகள். முதலாவதாக பேக்கர் மேஃபீல்ட், மூன்றாவதாக சாம் டார்னால்ட், ஏழாவதாக பஃபலோ அணிக்கு ஆலன், பத்தாவதாக ஜாஷ் ரோசன், சுற்றின் கடைசியில் 32ஆவதாக லாமார் ஜாக்சன். எறியும் அழகில் ரோசனை மிஞ்ச ஆளில்லை என்றார்கள். அவரை எடுத்த அரிசோனா ஒரே வருடத்தில் கைமாற்றி விட்டது. ஜாக்சனைப் பந்து பிடிக்கும் ரிசீவராக மாற்றிவிடலாம் என்று சொன்னவர் பில் போலியன். சாதாரண ஆள் இல்லை, ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தவர். அந்த ஜாக்சன் 2019இலும் 2023இலும் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். 2024இல் அதே விருது ஆலனுக்கு.

இப்போது திரும்பிப் பார்த்து, ஆலனை வேண்டாம் என்றவர்களைக் கேலி செய்வது சுலபம். அவர்கள் சொன்னதில் என்ன தப்பு? வயோமிங் பல்கலைக்கழகத்தில் ஆடிய கடைசி இரண்டு சீசன்களிலும் அவருடைய கம்ப்ளீஷன், அதாவது எறிந்ததில் சரியாகப் போய்ச் சேர்ந்த பந்துகளின் அளவு, 56 சதவீதத்தை ஒட்டியே நின்றது. கல்லூரியில் அறுபதைத் தொடாதவர் தொழில்முறை ஆட்டத்தில் தேறமாட்டார் என்பது அன்றைய கணக்கு, அந்தக் கணக்குக்குப் பின்னால் நிறைய தோல்விகளும் இருந்தன. பெரிய கல்லூரிகளுக்கு எதிராக அவர் ஆடியதைப் பார்த்தால் இன்னும் கஷ்டமாக இருக்கும். 2017 செப்டம்பரில் அயோவாவுக்கு எதிராக 40 முறை எறிந்து எடுத்தது 174 யார்டு, இரண்டு இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பந்துகள்). இரண்டு வாரம் கழித்து ஆரிகனுக்கு எதிராக 24 முறை எறிந்ததில் ஒன்பதுதான் கைக்குப் போய்ச் சேர்ந்தது, மொத்தம் 64 யார்டு. இந்த ஃபிலிமை (ஆட்டப் பதிவை) பார்த்துவிட்டு ‘இவருக்கு ஏழாவது இடமா’ என்று ஆட்டக்காரர்களை எடைபோடும் ஒரு ஸ்கவுட் கேட்டால் அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த 56க்குப் பின்னால் என்ன இருந்தது என்று தோண்டியிருக்க வேண்டும். ஆலன் கலிஃபோர்னியாவின் ஃபயர்பா என்ற சின்ன ஊரில் விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரி எதுவும் அவரைக் கூப்பிடவில்லை. ரீட்லி என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடிவிட்டு, பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பித்தான் வயோமிங்குக்கு வந்தார். சின்ன வயதிலிருந்தே தனிப் பயிற்சியாளர் வைத்துச் செதுக்கப்பட்ட பையன்களோடு ஒப்பிட்டால் அவர் பச்சை மண். 2016 சீசன் முடிந்ததும் அவருடைய முக்கிய ரிசீவர், டைட் எண்ட், ரன்னிங் பேக், சென்டர் என்று அவரைச் சுற்றி நின்று ஆடியவர்கள் எல்லோரும் கூண்டோடு கிளம்பிவிட்டார்கள். 2017இல் புதிய ஆட்களோடு, சுலபமான குட்டி எறிகள் அதிகம் இல்லாத ஆட்டமுறையில் தனியாக மாட்டிக்கொண்டார்.

ஃபிலிமை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அவர் பந்தைத் தவறவிட்ட பல இடங்களில் கண் சரியான ஆளைத்தான் பார்த்திருக்கும். கால்தான் சொதப்பியிருக்கும். பின்னங்காலில் சாய்ந்தபடி, இடுப்பைத் திருப்பாமல், கை பலத்தை மட்டும் நம்பி எறிவார். பந்து ரிசீவரின் தலைக்கு மேலே இரண்டடி உயரத்தில் பறக்கும். இது மோசம்தான், ஆனால் திருத்தக்கூடிய மோசம். யாருக்கு எறிவது என்றே தெரியாமல் விழிக்கிறவர் வேறு ரகம். சதவீதத்தில் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

சரி, திருத்தக்கூடியது என்றால் தானாகத் திருந்திவிடுமா? பஃபலோ என்ன செய்தது என்று பாருங்கள். முதல் ஆண்டு 52.8 சதவீதம். பார்க்கவே முடியாது. எட்டு டச்டவுனை (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளி) தன் காலால் ஓடி எடுத்ததால்தான் மானம் தப்பியது. இரண்டாம் ஆண்டு ஜான் பிரவுன், கோல் பீஸ்லி என்று இரண்டு அனுபவஸ்த ரிசீவர்களைக் கொண்டுவந்தார்கள், 58.8. மூன்றாம் ஆண்டு தங்கள் முதல் சுற்று வாய்ப்பைக் கொடுத்து மினசோட்டாவிலிருந்து ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற ரிசீவரை வாங்கினார்கள், 69.2. இந்த மூன்று ஆண்டும் தாக்குதல் ஆட்டத்தை வடிவமைத்தவர் ஒரே ஆள், பிரையன் டேபோல். தலைமைப் பயிற்சியாளர் மாறவில்லை, ஜெனரல் மேனேஜர் மாறவில்லை. சீசன் இல்லாத மாதங்களில், குவார்ட்டர்பேக்குகளுக்குத் தனிப் பயிற்சி தரும் ஜார்டன் பாமரிடம் போய் ஆலன் காலையும் இடுப்பையும் சரிசெய்துகொண்டிருந்தார்.

(இடையில் ஒன்று. 2017இல் பத்தாவது வாய்ப்பு இதே பஃபலோ கையில்தான் இருந்தது. அதைக் கான்சாஸ் சிட்டிக்கு விற்றுவிட்டார்கள். கான்சாஸ் சிட்டி அதில் எடுத்தது பேட்ரிக் மஹோம்ஸை. அந்த ஊர் ரசிகர்களிடம் இதைப் பேச்செடுக்காதீர்கள்.)

ரோசனுக்கு நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் வந்த சீசனின் நடுவிலேயே தாக்குதல் பயிற்சியாளரைத் துரத்தினார்கள், சீசன் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளரைத் துரத்தினார்கள், அடுத்த டிராஃப்டில் முதல் வாய்ப்பில் கைலர் மர்ரியை எடுத்து ரோசனையும் அனுப்பிவிட்டார்கள். ரோசன் அதன் பிறகு போன இடங்களிலும் சோபிக்கவில்லை என்பது உண்மைதான், எல்லாப் பழியையும் அரிசோனா மேல் போட மாட்டேன். ஆனால் நியூயார்க் ஜெட்ஸ் அணியில் ‘தேறாது’ என்று ஒதுக்கப்பட்ட டார்னால்ட், 2024இல் மினசோட்டாவில் 14 ஆட்டங்களை வென்றாரே? மேஃபீல்டுக்கும் டாம்பா போன பிறகுதான் மறுவாழ்வு.

ஆலனிடமிருந்து மற்ற அணிகள் எடுத்துக்கொண்டது என்ன? கை பலம் இருந்தால் போதும், மீதி வந்துவிடும் என்பதை.

2021இல் சான்ஃபிரான்சிஸ்கோ மூன்றாவது இடத்துக்கு முன்னேற, கையிலிருந்த 12ஆவது வாய்ப்பும் அடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று வாய்ப்புகளும் கொடுத்து, இன்னொரு மூன்றாம் சுற்று வாய்ப்பையும் மேலே போட்டது. எடுத்தது டிரே லான்ஸை. நார்த் டகோட்டா ஸ்டேட், அதாவது கல்லூரி ஆட்டத்தின் இரண்டாம் அடுக்கு. 2019இல் 28 டச்டவுன், ஒரு இன்டர்செப்ஷன்கூட இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2020இல் கொரோனாவால் ஒரே ஒரு ஆட்டம். மொத்தமே 17 ஆட்டங்களில்தான் அவர் முதல் ஆளாக இறங்கியிருந்தார். 2022இல் இரண்டாவது ஆட்டத்திலேயே கணுக்கால் உடைந்தது, அது அவர் துரதிர்ஷ்டம். அதே ஆண்டு டிராஃப்டின் கடைசி ஆளாக, 262ஆவது வாய்ப்பில் இந்த அணி எடுத்து வைத்திருந்தது பிராக் பர்டி என்ற பையனை. உயரம் சுமார், கை பலம் சுமார், அயோவா ஸ்டேட்டில் நான்கு ஆண்டுகள் ஆடியவர். அடுத்த சீசனில் அணியை லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார். லான்ஸை ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்கு டல்லஸிடம் தள்ளிவிட்டார்கள்.

2023இல் இண்டியானாபொலிஸ் நான்காவதாக எடுத்தது ஃப்ளோரிடாவின் ஆன்டனி ரிச்சர்ட்சனை. காம்பைனில், அதாவது டிராஃப்டுக்கு முன்னால் நடக்கும் உடல்திறன் சோதனையில், 40 யார்டை 4.43 நொடியில் ஓடினார், நின்ற இடத்திலிருந்து 40.5 அங்குலம் எம்பினார். அரைக்கால் சட்டையில் அவரைப் பார்த்தவர்களுக்குத் தலை சுற்றிவிட்டது. கல்லூரியில் அவர் முதல் ஆளாக இறங்கியது 13 ஆட்டம், கடைசி சீசனில் கம்ப்ளீஷன் 53.8 சதவீதம். முதல் ஆண்டு நான்கே ஆட்டத்தில் தோள்பட்டை போனது. இரண்டாம் ஆண்டு 47.7 சதவீதம். நடுவில் ஒரு ஆட்டத்தில் மூச்சு வாங்குகிறது என்று தானே கையைக் காட்டி வெளியே வந்தது பெரிய பேச்சாகி, அவரை உட்கார வைத்தார்கள்.

அனுபவம் இருந்தால் போதும் என்றும் சொல்ல வரவில்லை. கென்னி பிக்கெட் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கணக்கில் ஆடிவிட்டு வந்தார், முதல் சுற்றில் போனார், நிலைக்கவில்லை. நான் சொல்வது இதுதான்: 50 ஆட்டத்து ஃபிலிம் இருந்தால் உங்களுக்குத் தெரிய வேண்டியது பெரும்பாலும் தெரிந்துவிடும், 13 ஆட்டம்தான் இருந்தால் மீதியை ஆசைதான் நிரப்பும். 2024இல் ஐந்து ஆண்டுகள் கல்லூரியில் ஆடிவிட்டு வந்த ஜேடன் டேனியல்ஸ் முதல் சீசனிலேயே வாஷிங்டனுக்கு 12 வெற்றி வாங்கிக் கொடுத்தார்.

பிக்கெட் என்றதும் உள்ளங்கை ஞாபகம் வருகிறது. காம்பைனில் கையை விரிக்கச் சொல்லி அளப்பார்கள். பிக்கெட்டுக்கு எட்டரை அங்குலம், ஊரே பேசியது. ஜோ பரோவுக்கு ஒன்பது அங்குலம் என்று வந்தபோது, பந்து வழுக்கிவிடும் போலிருக்கிறது, ஓய்வு பெற்றுவிடலாமா என்று யோசிப்பதாக அவரே ட்விட்டரில் கிண்டலடித்தார். முந்தைய சீசனில் 60 டச்டவுன் எறிந்த மனிதர்!

அளக்க முடியாததுதான் முக்கியம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகவும் எனக்கு விருப்பமில்லை. அதையும் பார்க்க முடியும், எங்கே பார்ப்பது என்று தெரிந்தால். சி.ஜே. ஸ்ட்ரவுட் ஒஹையோ ஸ்டேட்டில் இருந்தபோது அவர்மேல் இருந்த குறை, அருமையான தடுப்பு வரிசைக்குப் பின்னால் சாவகாசமாக நின்று அருமையான ரிசீவர்களுக்கு எறிகிறார், இடம் நெருக்கினால் என்ன செய்வாரோ என்பது. நியாயமான சந்தேகம். 2022 டிசம்பர் 31 அன்று ஜார்ஜியாவுக்கு எதிரான அரையிறுதியைப் பாருங்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே மிரட்டலான அணி அது. பாக்கெட், அதாவது தடுப்பாளர்கள் அவரைச் சுற்றிப் போடும் அரண், உடைந்துகொண்டே இருக்கிறது. ஸ்ட்ரவுட் பக்கவாட்டில் நழுவுகிறார், கண்ணை மட்டும் கீழே இறக்காமல் தூரத்தில் வைத்தபடி ஓடிக்கொண்டே எறிகிறார். நான்கு டச்டவுன். மூன்றாம் கால்பகுதியில் முதன்மை ரிசீவர் மார்வின் ஹாரிசன் ஜூனியர் தலையில் அடிபட்டு வெளியே போய்விட்டார், அப்போதும் அவர் தளரவில்லை. கடைசி நிமிடத்தில் எறிய வழியில்லாமல் பந்தைத் தூக்கிக்கொண்டு 27 யார்டு ஓடினார். உதையாளர் 50 யார்டிலிருந்து கோட்டைவிட்டதால் 42-41இல் தோற்றார்கள். தோற்ற ஆட்டம்தான், ஆனால் அந்தச் சந்தேகத்துக்கான பதில் முழுக்க அதிலேயே இருந்தது. அப்புறம் டிராஃப்டுக்கு முன்னால் ஏதோ ஒரு அறிவாற்றல் தேர்வில் அவர் குறைவாக வாங்கினார் என்று கசியவிட்டார்கள். ஹூஸ்டன் இரண்டாவதாக எடுத்தது. முதல் சீசனிலேயே 23 டச்டவுன், ஐந்தே இன்டர்செப்ஷன்.

என்னைக் கேட்டால், ஒரு பையனின் சிறப்பான வீச்சுகளைத் தொகுத்துப் போடும் வீடியோக்களைத் தூக்கிக் கடாசுங்கள். மூன்றாவது முயற்சியில் எட்டு யார்டுக்கு மேல் தேவைப்படும், எறிந்தே ஆக வேண்டிய கட்டங்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள், எதிரணி வலுவானதாக இருக்கும் வாரங்களில். ஓடி வருபவன் கையெட்டும் தூரத்துக்கு வந்தபோது கால் என்ன செய்கிறது? முதல் ஆள் கிடைக்காதபோது கண் இரண்டாவது ஆளிடம் போகிறதா, இல்லை தரைக்குப் போகிறதா? பந்தை விட வேண்டிய நேரத்தில் விடுகிறானா, அணைத்துக்கொண்டு நிற்கிறானா? கடைசிப் பழக்கம் கல்லூரியிலிருந்து கூடவே வரும். கேலெப் வில்லியம்ஸ் பந்தை அதிக நேரம் வைத்திருக்கிறார் என்று கல்லூரியிலேயே சொன்னார்கள், சிகாகோவில் முதல் சீசனில் 68 முறை கீழே தள்ளப்பட்டார். அடுத்த ஆண்டு பென் ஜான்சன் பயிற்சியாளராக வந்ததும் அது வெகுவாகக் குறைந்தது. ஆகவே ‘எங்கே போகிறான்’ என்பதைப் பிரித்துவிட்டு ‘எப்படிப்பட்டவன்’ என்று மட்டும் மதிப்பெண் போடுவது எனக்கு என்றைக்கும் பாதி வேலையாகத்தான் தெரிகிறது.

அணிகள் ஏன் திரும்பத் திரும்ப இந்தச் சூதாட்டத்துக்குப் போகின்றன? பணம்தான். 2010இல் முதல் இடத்தில் போன சாம் பிராட்ஃபோர்டின் ஒப்பந்தம் 78 மில்லியன் டாலர். அடுத்த ஆண்டு புதியவர்கள் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்தது, அதே முதல் இடத்தில் கேம் நியூட்டனுக்குக் கிடைத்தது 22 மில்லியன். தோற்றாலும் கஜானா காலியாகாது என்று ஆன பிறகு, யாருக்குத்தான் கை நீளாது? ஆனால் மூன்று ஆண்டு காத்திருக்கும் பொறுமையை எந்த உச்சவரம்பும் கொடுப்பதில்லை. இரண்டு சீசன் தோற்றால் பயிற்சியாளருக்கும் மேனேஜருக்கும் வேலை போய்விடும்.

2025 ஆகஸ்டில் இண்டியானாபொலிஸ், ரிச்சர்ட்சனை ஓரம்கட்டி டேனியல் ஜோன்ஸை முதல் ஆளாக அறிவித்தது. அப்போது ரிச்சர்ட்சனுக்கு வயது 23. அதே 23 வயதில் ஆலன் 58.8இல் நின்றுகொண்டிருந்தார், அவருக்காக டிக்ஸை வாங்குவதைப் பற்றி பஃபலோ யோசித்துக்கொண்டிருந்தது. ரிச்சர்ட்சன் தேறமாட்டார் என்று நான் எழுதிக் கொடுக்கத் தயாரில்லை. கல்லூரியில் இன்னும் இரண்டு சீசன் ஆடியிருந்தால் அவர் யார் என்று நமக்கும் தெரிந்திருக்கும், அவருக்கும் தெரிந்திருக்கும்.