மொலாசஸ் எத்தனாலுக்குக் கார்பன் சுமை பூஜ்யமா?

‘மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்புப் பாகு) சர்க்கரை ஆலைக் கழிவு, அதிலிருந்து எடுக்கும் எத்தனாலுக்குக் கார்பன் சுமையே, அதாவது உற்பத்தியில் வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்களின் கணக்கே, இல்லை’ என்றொரு செய்தி சுற்றுகிறது. தவறு. விலை பேசி, டேங்கர் லாரியில் ஏற்றி எரிசாராய ஆலைக்கு விற்கும் சரக்கைக் கழிவு என்று எந்தக் கணக்கர் எழுதுவார்? அது இணைவிளைபொருள், அதாவது சர்க்கரையோடு சேர்ந்தே கிடைக்கும் இன்னொரு விற்பனைச் சரக்கு. ஆகவே சுமையில் அதற்கும் பங்குண்டு.

100 கிலோ கரும்பில் சுமார் 10 கிலோ சர்க்கரையும் 4 முதல் 5 கிலோ மொலாசஸும் கிடைக்கும். கரும்பு வயலில் இட்ட யூரியாவால் வரும் கார்பன் சுமையை இவ்விரண்டுக்கும் எடைப்படி பிரித்தால் மொலாசஸின் பங்கு ஏறத்தாழ 30 சதவீதம். விலைப்படி என்றால், மலிவுச் சரக்காதலால் வெகுவாகக் குறையும், பூஜ்யமாகாது.

ஒரு பொருளின் வாழ்நாள் முழுவதற்குமான சுற்றுச்சூழல் சுமையைக் கணக்கிட வழிகாட்டும் சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 14044, முடிந்தவரை இப்படிச் சுமையைப் பிரிப்பதையே தவிர்க்கச் சொல்கிறது. முடியாதபோது எடை போன்ற இயற்பியல் உறவு, அதற்கும் பிறகுதான் விலை. எந்த முறை என்று சொல்லாத எண்ணை நம்ப வேண்டியதில்லை. எரிசாராய ஆலைக் கொதிகலனில் எரியும் எரிபொருள் தனிக் கணக்கு. அதை அந்தச் செய்தி தொடவே இல்லை.