கம்ப்யூட்டரை மாற்றுவதற்கு முன்னாடி பயாஸைத் திறந்து பாருங்கள்

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. அதிலிருந்து எங்கள் காரைக்குடிப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "நம்ம சிஸ்டத்துல விண்டோஸ் 11 ஏறுமா, இல்ல புதுசு வாங்கணுமா?" நான் சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன். டேலி, ஜிஎஸ்டி தாக்கல் என்று தினமும் யாராவது ஒருவர் கடைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன், அதனால் இந்தக் கேள்வி என்னிடமும் வருகிறது. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை விட இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் கட்சி எது என்று சொல்லிவிடுகிறேன். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், செக்யூர் பூட் என்ற காவல் ஏற்பாடு வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் கேட்பதை நான் முழுசாக ஆதரிக்கிறேன். அந்தச் சிப் இருக்கிற, நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரையும் பிராசஸர் தலைமுறையை மட்டும் காட்டித் தள்ளுவதை ஏற்க மாட்டேன். அதை விட எனக்கு ஆத்திரம் வருவது எதற்கென்றால், பத்து நிமிடம் உட்கார்ந்து சோதித்துப் பார்க்காமலேயே "இது ஆகாதுங்க" என்று நாற்பதாயிரம் ரூபாய் செலவை ஒருவர் தலையில் கட்டுவதற்குத்தான்.

டிபிஎம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கும் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனைத்தான் காட்டுவேன். அந்த யூஎஸ்பி டோக்கனுக்குள் இருக்கிற ரகசியச் சாவி வெளியே வராது. கையெழுத்து உள்ளேயே போடப்பட்டு, முடிவு மட்டும்தான் வெளியே வரும். கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தாலும் சாவியை நகல் எடுத்துக்கொண்டு போக முடியாது. டிபிஎம்மும் கிட்டத்தட்ட அந்த வேலையைத்தான் போர்டிலோ பிராசஸருக்குள்ளேயோ இருந்துகொண்டு செய்கிறது. ஹார்டு டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் சாவியை வைத்துக்கொள்கிறது, விண்டோஸ் ஹலோ பின்னைக் காக்கிறது, கம்ப்யூட்டர் கிளம்பும்போது ஏறுகிற ஒவ்வொரு மென்பொருளுக்கும் கைரேகை மாதிரி ஓர் அடையாளத்தைக் குறித்துவைத்து, இடையில் எவனாவது கைவைத்திருந்தால் சாவியைத் தர மறுக்கிறது. செக்யூர் பூட் இதற்கும் முன்னால் நின்று, கையொப்பம் இல்லாத எதையும் விண்டோஸுக்கு முன்னால் ஏறவிடாமல் தடுக்கிறது. பேங்க் பாஸ்வேர்டு, வாடிக்கையாளர் ஆதார் நகல், ஊழியர் சம்பள விவரம் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் கிடக்கிற நம் ஊர்க் கடைகளுக்கு இது தேவையா என்று கேட்டால், கண்டிப்பாகத் தேவை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் உலகம் முழுக்க ஆஸ்பத்திரி, ஆலை என்று பாராமல் பூட்டிப்போட்டதே, அதற்கான பேட்ச் மார்ச் மாதமே வந்துவிட்டது. அதைப் போடாத, போட முடியாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டின. பாதுகாப்பெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, நடந்த கதைக்கு வருகிறேன். ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனுக்கு நான்தான் கணக்குப் பார்க்கிறேன். கலர் சிமெண்டும் கண்ணாடியுமாகக் கிடக்கிற பட்டறைக்குப் பக்கத்து அறையில் அவருடைய கம்ப்யூட்டர். ஐ3-8100 பிராசஸர், உள்ளூரில் அசெம்பிள் செய்தது. விண்டோஸ் 11 ஏறாது என்று திரையில் செய்தி வந்ததும் டவுனில் ஒரு கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். அவர்கள் மூடியைக்கூடக் கழற்றாமல், "டிபிஎம் சிப் இல்ல, போர்டே மாத்தணும், அதுக்கு நீங்க புதுசே வாங்கிடலாம்" என்று சொல்லி கொட்டேஷனும் கொடுத்துவிட்டார்கள். "என்ன தம்பி, பொங்கல் ஆர்டர் பணம் வரட்டும்னு பாக்குறேன்" என்று என்னிடம் சொன்னார். எட்டாம் தலைமுறை இன்டெல்லுக்கு எதற்கு அண்ணே தனிச் சிப், பிராசஸரோடயே வருமே என்று சொல்லி, ரீஸ்டார்ட் செய்து டெலீட் கீயைத் தட்டி பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் வரும் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போனோம். அட்வான்ஸ்டு பக்கத்தில், இன்டெல் பிளாட்ஃபார்ம் டிரஸ்ட் டெக்னாலஜி என்று ஒரு வரி, அதற்கு நேரே டிசேபிள்டு. அவ்வளவுதான் விஷயம். அதை எனேபிள் செய்துவிட்டு விண்டோஸுக்குள் வந்து, விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி டிபிஎம்.எம்எஸ்சி என்று ஆங்கிலத்தில் அடித்தால், ஸ்பெசிஃபிகேஷன் வெர்ஷன் 2.0 என்று காட்டுகிறது. இந்த ஒரு வரி ஏஎம்டி போர்டு என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும். 2018, 2019 வாக்கில் அசெம்பிள் செய்த எத்தனையோ கம்ப்யூட்டர்களில் இது ஆஃப் ஆகித்தான் கிடக்கிறது, ஏனென்றால் அப்போது யாரும் கேட்கவில்லை.

அங்கே இன்னொரு சிக்கலும் இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டர் கிளம்பும் பழைய முறையான லெகசியில், எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்கில் விண்டோஸ் போடப்பட்டிருந்தது. செக்யூர் பூட்டுக்கு யூஇஎஃப்ஐ என்ற புது முறை வேண்டும், அதற்கு டிஸ்க்கும் ஜிபிடி என்ற புது முறையில் பிரித்ததாக இருக்க வேண்டும். யூடியூப் பார்த்துவிட்டு நேரே பயாஸில் லெகசியை யூஇஎஃப்ஐ என்று மாற்றினால் கம்ப்யூட்டர் விண்டோஸுக்குள்ளேயே போகாது, டேட்டா போச்சு என்று பதறுவீர்கள். முதலில் டேலி டேட்டா உட்பட எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். அப்புறம் விண்டோஸிலேயே இருக்கிற எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியை முதலில் வேலிடேட் என்று ஓட்டிப் பார்த்து, அது சரி என்று சொன்னால் மட்டும் கன்வர்ட் கொடுங்கள். பார்மேட் அடிக்கத் தேவையே இல்லை. பிட்லாக்கர் ஏற்கெனவே ஓடுகிற லேப்டாப் என்றால் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் பயாஸைத் தொட வேண்டும். கிளியர் டிபிஎம் என்று ஒரு பட்டன் இருக்கும், அந்தப் பக்கமே போகாதீர்கள். இதெல்லாம் கைப்பழக்கம் இல்லாதவர்கள், தெரிந்த பையன் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள். அந்த அண்ணன் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி மட்டும் வாங்கிப் போட்டார். 11 ஏறி, இப்போது அப்டேட் எல்லாம் ஒழுங்காக வருகிறது.

இனி என் சண்டை. மைக்ரோசாஃப்ட் 2016 ஜூலை 28-இலிருந்தே புதிதாக வரும் விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களில் டிபிஎம் 2.0 இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு விதி போட்டது. நல்ல விதி. அந்த விதிப்படி 2017-இல் வந்த ஏழாம் தலைமுறை லேப்டாப்பில் டிபிஎம் 2.0 இருக்கிறது, யூஇஎஃப்ஐ இருக்கிறது, செக்யூர் பூட் இருக்கிறது. கேட்ட பாதுகாப்பு எல்லாம் இருக்கிறது. ஆனாலும் 11 கிடையாது, ஏனென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பட்டியல் தொடங்குகிறது. சரி, எட்டாம் தலைமுறை என்ன பெரிய தாவலா? லேப்டாப்புகளில் வந்த ஐ5-7200யுவையும் ஐ5-8250யுவையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் அடிப்படை வடிவமைப்பு கேபி லேக்தான். இரண்டு கோர் நாலு கோர் ஆனது, அதுதான் முக்கிய வித்தியாசம். ஒன்றுக்குக் கதவு திறக்கிறது, இன்னொன்றுக்கு மூடுகிறது. இதில் இன்னும் ஒன்று. ஏழாம் தலைமுறை லேப்டாப் வகைப் பிராசஸர்களில் ஐ7-7820ஹெச்க்யூ என்ற ஒன்றுக்கு மட்டும் 2021 ஆகஸ்டில் விலக்கு கொடுத்தார்கள். அது மைக்ரோசாஃப்ட் தானே விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-இல் இருப்பது. நவீன டிரைவர்களோடு, அதாவது உள்ளே இருக்கும் பாகங்களை இயக்கும் மென்பொருள்களோடு வந்த குறிப்பிட்ட கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் என்று அதற்கு விளக்கமும் சொன்னார்கள். அப்படியானால் நவீன டிரைவர் போட்டால் அந்தத் தலைமுறை ஓடும் என்றுதானே அர்த்தம்? தன் சொந்த மெஷினுக்குச் செய்ததை ஏன் மற்ற கம்பெனி மெஷின்களுக்கும் செய்யக் கூடாது?

அவர்கள் பக்க நியாயத்தையும் மறைக்கக் கூடாது. சோதனைக் காலத்தில், தகுதி இல்லாத கம்ப்யூட்டர்களில் கெர்னல் கிராஷ், அதாவது விண்டோஸின் மையப் பகுதியே முடங்குவது, 52 சதவீதம் அதிகமாக இருந்தது, தகுதி உள்ளவற்றில் 99.8 சதவீதம் கிராஷ் இல்லாத அனுபவம் என்று கணக்குச் சொன்னார்கள். விண்டோஸின் மையப் பகுதிக்குள் கள்ள மென்பொருள் நுழையாமல் காக்கும் மெமரி இன்டெக்ரிட்டி போன்ற பாதுகாப்புகளை எப்போதும் ஓடவிட்டால் பழைய பிராசஸர்கள் திணறும் என்பதும் உண்மை. நாலாம் தலைமுறையைத் தள்ளினால் நான் வாயே திறக்க மாட்டேன். ஆனால் தகுதி இல்லாதவை என்று பொத்தாம்பொதுவாகச் சேர்த்துச் சொன்ன ஒரு சதவீதம், டிபிஎம் 2.0 உள்ள ஏழாம் தலைமுறைக்கு எவ்வளவு என்று சொல்லவில்லை. மெதுவாக ஓடும், கிராஷ் கொஞ்சம் கூடும் என்று எச்சரித்துவிட்டு, முடிவைச் சொந்தக்காரரிடம் விட்டிருக்கலாம். காசு போட்டு வாங்கியவர் அவர்தானே. கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023 கடைசியில், இந்த மாற்றத்தால் சுமார் 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகலாம் என்று கணித்தது. நூறு வருடத்துத் தேக்குக் கதவையும் இனாமல் பாத்திரத்தையும் முனீஸ்வரன் கோயில் தெருவில் தேடித் தேடி வாங்குகிற ஊர் இது. எட்டு வருடக் கம்ப்யூட்டரைக் குப்பை என்று சொன்னால் எங்களுக்கு மனசு கேட்காது.

இதில் ஊரில் நடக்கிற இன்னொரு கூத்து பயமாக இருக்கிறது. சில கடைகளில் பழைய லேப்டாப்பில் விண்டோஸின் தகுதிச் சோதனையைத் தாண்டவைத்து 11 போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள், சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. தெரிந்து, விளைவும் புரிந்து ஒருவர் செய்துகொண்டால் அது அவர் இஷ்டம். ஆனால் அப்படிப் போட்டதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை, வருடாந்திரப் பெரிய அப்டேட்டும் தானாக வராது, 24ஹெச்2 என்ற பதிப்போடு இன்னும் பழைய சில பிராசஸர்களில் கிளம்பவே கிளம்பாது. பல்லத்தூரில் தனியாக இருக்கும் ஓர் ஆச்சி, சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு பேசவும் பேங்க் கணக்குப் பார்க்கவும் வைத்திருக்கும் லேப்டாப்பில் இப்படி ஒன்றைப் போட்டுக் கொடுத்தால், புது விண்டோஸ் இருக்கிறது, பத்திரமாக இருக்கிறோம் என்றுதானே நினைப்பார்?

நிஜமாகவே 11 ஏறாத கம்ப்யூட்டர் என்றால் என்ன செய்வது? வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள், அறிவித்தபோது சொன்ன கெடு 2026 அக்டோபர் 13. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப் ஆக அனுமதித்தால் காசில்லை, இல்லாவிட்டால் 30 டாலர். விண்டோஸ் 10-இல் 22ஹெச்2 பதிப்பு இருக்க வேண்டும். நிறுவனங்களுக்குக் கட்டணம் தனி: முதல் வருடம் ஒரு கம்ப்யூட்டருக்கு 61 டாலர், அடுத்தடுத்த வருடம் இரட்டிப்பு. டேலியில் மாட்டிக்கொள்ளாத வீடுகளுக்கு லினக்ஸ் மின்ட் போதும், நான் மனசாரச் சொல்கிறேன். பிரவுசர், லிப்ரே ஆபீஸ், தமிழ்99 தட்டச்சு எல்லாம் ஓடும். பேஜ்மேக்கரும் பாமினி எழுத்துருவும் வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டிடிபி கடைக்காரர்கள் அந்தப் பழைய கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் இருந்து கழற்றிவிட்டு, வாடிக்கையாளர் பென் டிரைவை வேறொன்றில் சோதித்துவிட்டுப் பயன்படுத்தினால் இன்னும் பல வருடம் ஓட்டலாம். அதற்காகப் புதுசு வாங்க வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் லேப்டாப்பை எதிர்பார்த்திருப்பவர்கள் ஒன்று பாருங்கள். இன்டெல் என்றால் ஐ3, ஐ5-க்குப் பின்னால் வரும் எண் 8-இலோ அதற்கு மேல் 9, 10, 11, 12 என்றோ தொடங்க வேண்டும். ஏஎம்டி என்றால் ரைசன் 3000-க்கு மேல் பார்த்தால் குழப்பம் இல்லை. காசு கொடுப்பதற்கு முன்னால் கடையிலேயே டிபிஎம் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியும் இலவசம்தான், அதையும் ஓட்டச் சொல்லுங்கள். யாராவது உங்கள் கம்ப்யூட்டரில் 11 போட்டுக் கொடுத்தால், சோதனையைத் தாண்டவைத்துப் போட்டதா, முறையாக ஏறியதா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் அந்தக் கடையில் வேலை கொடுக்காதீர்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் யாருக்காவது பயாஸில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றால், போர்டு மாடலோடு திரையைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.