புகைச் சான்றிதழில் நைட்ரஜன் ஆக்சைடு இல்லை
புகைச் சான்றிதழ் வாங்கிவிட்டாலே, சாலையில் ஓடும்போது டீசல் கார் விடும் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயுவும் வரம்புக்குள் இருக்கிறது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. அந்தச் சோதனை வண்டி நின்ற இடத்திலேயே முடிந்துவிடும். நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரைச் சில முறை முழுக்க மிதிப்பார்கள். சைலன்சரில் செருகிய குழாய் வழியே புகையின் அடர்த்தியை மட்டும் கருவி பார்க்கும். கரும்புகை வராத வண்டியும் நைட்ரஜன் ஆக்சைடை நிறைய விடலாம்.

டேஷ்போர்டில் கிடக்கும் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், நைட்ரஜன் ஆக்சைடுக்கு எண்ணே இருக்காது. (பெட்ரோல் காருக்கும் அப்படித்தான், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் இருக்கும்.)

காரின் பின்னால் கருவியைப் பொருத்தி, சாலையில் ஓட்டி அளப்பது தனிச் சோதனை. இந்தியாவில் 2023 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற வாகன மாசு வரம்பு) இரண்டாம் கட்ட விதிகளில் அது கட்டாயம். ஆனால் அதில் தேற வேண்டியது தயாரிப்பாளரின் மாடல், புகைச் சான்றிதழுக்கு வரும் உங்கள் கார் அல்ல.