முகப்பு மட்டும்தான் கட்டடக்கலையா?
பழைய குருமனைகளை, அதாவது பாதிரியார் குடும்பத்தோடு வாழ்ந்த வீடுகளை, பல வீடுகளாகப் பிரித்தாலும் வெளிச்சுவரும் ஜன்னல்களும் அப்படியே இருப்பதால் கட்டடக்கலை காப்பாற்றப்பட்டுவிட்டது என்று கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. இங்கிலாந்தின் விக்டோரியா காலக் குருமனைகளுக்கு உயிரே உள்ளமைப்புதான். பல வீடுகளில் பாதிரியாரின் படிப்பறை வாசலை ஒட்டியே இருக்கும். உதவி கேட்டு வரும் சபையார் குடும்பத்தின் அறைகளுக்குள் நுழையாமலே அவரைப் பார்த்துவிட்டுப் போகலாம். வேலைக்காரர்களுக்குப் பின்பக்கம் தனிப் படிக்கட்டு. வீடுகளாகப் பிரிக்கும்போது முதலில் அடிபடுவது இந்த ஒழுங்குதான். நான் உள்ளே போய்ப் பார்த்த ஒன்றில், கூரையோரச் சுண்ணப் பூவேலை புதுத் தடுப்புச் சுவரில் முட்டி, பாதி இலையோடு அறுந்து நின்றது, மனசு கேட்கவில்லை. பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடமென்றால் அங்கே சட்டப் பாதுகாப்பு உட்புறத்துக்கும் உண்டு. பிரிக்காவிட்டால் இடிந்தே போயிருக்கும் என்று மேலே ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சரி, பிரிக்கட்டும், கூடத்தையும் முன்படிக்கட்டையும் வெட்டாமல், பின்படிக்கட்டை இரண்டாவது வீட்டுக்கு வழியாக்கியிருக்கலாமே.