பேச்சுப்போட்டி வேறு, விவாதம் வேறு

சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விவாதம் சொல்லித் தருகிறேன். முதல் நாள் எல்லாரும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்கள். அவையோருக்கு வணக்கம், ஒரு குறள், அப்புறம் யாரோ எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்த மூன்று நிமிடம். குரல் கணீரென்று இருக்கும். "சரிப்பா, எதிரணி சொன்னதற்கு உன் பதில் என்ன?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். எதிரணி பேசியபோது அந்தப் பிள்ளை கேட்கவே இல்லை. தன் உரையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பேச்சுப்போட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு மேடைப் பயம் போனதே அதில்தான். ஆனால் நம் பள்ளிகள் அந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. அதற்கு அடுத்த படி, காதுகொடுத்துக் கேட்டுப் பதில் சொல்வது. விவாதப் போட்டி சோதிப்பது அதைத்தான்.

உலக அளவில் பள்ளி மாணவர்களுக்கென்றே ஒரு சாம்பியன்ஷிப் 1988-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. 2019-இல் பாங்காக்கில் நடந்தபோது இந்திய அணி கோப்பையை வென்றது. அதன் முறையைத்தான் நானும் பின்பற்றுகிறேன். ஒரு தலைப்பு, இரண்டு அணிகள், அணிக்கு மூன்று பேச்சாளர்கள், ஆளுக்கு 8 நிமிடம். கடைசியில் அணிக்கு ஒருவர் 4 நிமிட நிறைவுரை தருவார். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் தவிர மற்ற நேரத்தில், பேசிக்கொண்டிருப்பவரிடம் எதிரணி எழுந்து நின்று இடைக்கேள்வி கேட்கலாம். ஏற்பதும் மறுப்பதும் பேசுபவர் விருப்பம். சில சுற்றுகளில் ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் தலைப்பே தெரியும். அந்த ஒரு மணி நேரத்தில் இணையம் கிடையாது. அணியில் இருக்கிறவர்கள் தலைகளை ஒன்றாக வைத்து யோசிக்க வேண்டியதுதான்.

மதிப்பெண் நூற்றுக்கு. கருத்துக்கு 40, சொல்லும் விதத்துக்கு 40, உத்திக்கு 20. கணீர்க் குரலும் கையசைவும் அந்த நடு நாற்பதுக்குள்தான் அடங்கும் என்று சொன்னதும் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்! அதுவரை பின்வரிசையில் மெல்லிய குரலில் பேசுகிற பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

சரி, கருத்து என்றால் என்ன? போன மாதம் எடுத்த தலைப்பையே சொல்கிறேன்: வீட்டுப்பாடத்தை ஒழிக்க வேண்டும். ஆதரவு அணியில் ஒரு பையன், "வீட்டுப்பாடம் மன அழுத்தம் தருகிறது" என்று சொல்லிவிட்டு உட்காரப் பார்த்தான். நான் மூன்று கேள்வி கேட்டேன். யாருக்கு? எப்படி? அதனால் என்ன? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "சாயங்காலம் தண்ணி பிடிச்சு, தம்பியைப் பார்த்துக்கிட்டு, அம்மா வேலையிலிருந்து வர ராத்திரி எட்டாகிடும் சார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இருக்கிற வீட்டுப் பிள்ளை முழுசா எழுதிட்டு வரும். நான் பாதி எழுதுவேன். அப்போ டீச்சர் திருத்துறது என் படிப்பை இல்லை, என் வீட்டை."

அது வாதம். முதலில் சொன்னது வெறும் கூற்று. இந்த வித்தியாசம் ஒரு பிள்ளைக்குப் பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எதிரணியில் ஒரு பெண் உடனே எழுந்தாள். "வீட்டுப்பாடத்தை எடுத்துவிட்டால் டியூஷன் போகிற பிள்ளைக்கு அங்கே பயிற்சி கிடைக்கும். போக முடியாத எனக்குப் பள்ளி தருகிற அந்தப் பயிற்சியும் போய்விடும். இடைவெளி கூடுமா, குறையுமா?" இரண்டு பேரும் ஏழைப் பிள்ளைக்காகத்தான் பேசுகிறார்கள். அப்படியானால் யார் சொல்கிற வழியில் அந்தப் பிள்ளைக்கு அதிக நன்மை என்று எடைபோட்டுக் காட்ட வேண்டும். மூன்றாம் பேச்சாளரின் முக்கிய வேலை அதுதான். புது வாதத்தைக் கொண்டுவந்து கொட்டுவதற்கு அது இடமில்லை. மோதல் எங்கே நடந்தது, அதில் நாம் ஏன் முன்னால் நிற்கிறோம் என்று காட்டுகிற இடம்.

பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி வருத்தப்படுவது ஒன்று உண்டு. எந்தப் பக்கம் பேசுவது என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்கிறோமே, நம்பாத ஒன்றைப் பேசச் சொன்னால் பிள்ளை பொய் பேசப் பழகாதா? எனக்கு அந்தப் பயம் இல்லை. மாற்றுக் கருத்து உள்ளவன் முட்டாளும் இல்லை, கெட்டவனும் இல்லை, அவனுக்கும் காரணங்கள் இருக்கின்றன என்பதை அந்தப் பக்கம் நின்று பேசிப் பார்த்த பிள்ளைக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொலைக்காட்சியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவதைத்தான் விவாதம் என்று நம் பிள்ளைகள் பார்த்து வளர்கிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறிப்பெடுக்கும் ஓர் இடமும் அவர்களுக்கு வேண்டும்.

எனக்கு உண்மையில் மனக்குறை ஒன்று உண்டென்றால் அது மொழி பற்றியது. பல்கலைக்கழக அணிகளுக்கான 2014 உலக விவாதப் போட்டி நம் சென்னையில்தான் நடந்தது. தமிழ்வழிப் பள்ளிகளில் அதைப் பற்றிப் பேசிய ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. விவாதம் என்றாலே ஆங்கிலம் சரளமாக வருகிற பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கிவிட்டோம். தண்ணீர் பிடித்துவிட்டு வந்த அந்தப் பையன் ஆங்கிலத்தில் பேச வேண்டியிருந்தால் "மன அழுத்தம் தருகிறது" என்ற ஒரு வரியோடு உட்கார்ந்திருப்பான். அவனுக்குள் இருந்த வாதம் வெளியே வந்ததற்குக் காரணம் அவன் தன் மொழியில் யோசித்ததுதான். உலகப் போட்டிக்கு ஆங்கிலம் வேண்டும், உண்மைதான். அதை அப்புறம் கற்றுக்கொள்ளலாம். யோசிக்கப் பழகுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆசிரியர்களே, தொடங்குவதற்குப் பெரிதாக எதுவும் தேவையில்லை. ஆறு பிள்ளைகள், ஒரு கடிகாரம், ஆளுக்கு ஒரு தாள். தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் எதிரணி சொல்வதையும் வலப்பக்கம் அதற்கான பதிலையும் எழுதச் சொல்லுங்கள். தொடக்கத்தில் 8 நிமிடம் அதிகம், 3 நிமிடம் போதும். வலப்பக்கம் காலியாக இருந்தால் திட்டாதீர்கள், இரண்டு மூன்று வாரத்தில் நிரம்பிவிடும்.

வரும் சனிக்கிழமைத் தலைப்பு: பள்ளிக்குள் செல்பேசியை அனுமதிக்க வேண்டும். நாணயம் சுண்டியாகிவிட்டது. அனுமதிக்கவே கூடாது என்று பேச வேண்டிய பக்கம், செல்பேசி வேண்டும் என்று என்னிடம் தினமும் மல்லுக்கு நிற்கிற மூன்று பத்தாம் வகுப்புப் பெண்களுக்கு விழுந்திருக்கிறது. நேற்று மாலையே நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.