முதல் ஐந்தில் யார் என்பதற்கு முன்னால், பந்து யார் கையில்?

ஒவ்வொரு என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) சீசனிலும் ஏதாவது ஓர் அணியைச் சுற்றி இந்தச் சண்டை கிளம்பிவிடுகிறது. அணியில் இரண்டு பாயிண்ட் கார்டுகள், அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவர்கள். யாரை முதல் ஐந்தில், ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரில், இறக்குவது? உடனே இருவருடைய புள்ளி, அசிஸ்ட் (புள்ளிக்கு வழிவகுக்கும் பாஸ்), வயது, சம்பளம் எல்லாவற்றையும் எதிரெதிரே எழுதி வைத்து, கூட்டிப் பார்த்து, "இவர்தான் பெரிய ஆட்டக்காரர், இவரே இறங்கட்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு பாதி நேரம் தப்பாகப் போவதற்குக் காரணம், கூட்டல் கழித்தலைத் தப்பான இடத்தில் தொடங்குவதுதான் என்பது என் கருத்து. அந்த இருவரையும் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். கூட இறங்கப் போகிற மற்ற நால்வரில் பந்து ஏற்கெனவே யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். பதில் முக்கால்வாசி அங்கேயே கிடைத்துவிடும்.

ஹூஸ்டன் ராக்கெட்ஸை எடுத்துக்கொள்வோம். 2012 கோடையில் ஜெரமி லின்னை மூன்று ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடி டாலருக்கு எடுத்தார்கள். அந்த வருடம் பிப்ரவரியில்தான் நியூயார்க் நிக்ஸுக்காக லேக்கர்ஸுக்கு எதிராக 38 புள்ளி அடித்திருந்தார். பந்தை அவரிடம் கொடுத்து ஆட்டத்தை நடத்தச் சொல்லலாம் என்று இருந்த நேரத்தில், சீசன் தொடங்கச் சில நாட்களே இருக்கையில், பந்தைத் தன் கையிலேயே வைத்து ஆடும் ஜேம்ஸ் ஹார்டன் வந்து சேர்ந்தார். லின்னுடைய வேலை அன்றைக்கே மாறிவிட்டது. இடம் மாறத்தான் ஒரு வருடம் ஆயிற்று. 2012-13 சீசனில் 82 ஆட்டத்திலும் லின்தான் முதல் ஐந்தில். அடுத்த சீசனில் கோச் கெவின் மெக்ஹேல், பேட்ரிக் பெவர்லியை முன்னே கொண்டுவந்தார். ரஷ்யாவில் ஆடிவிட்டு 2013 ஜனவரியில் வந்தவர், சம்பளம் பத்து லட்சம் டாலருக்கும் குறைவு. லின் ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். பந்தோடு அதிகம் செய்யத் தெரிந்தவர் லின்தான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனாலும் மெக்ஹேல் செய்தது சரி.

ஏன் சரி என்று ஒரே ஒரு பொசெஷனை, அதாவது பந்து கையில் இருக்கும் ஒரு தாக்குதலை, நிறுத்திப் பார்த்தால் தெரியும். ஹார்டன் மேலே பந்தோடு நிற்கிறார். ஹூஸ்டனின் சென்டர் (கூடைக்கு அருகே ஆடும் உயரமானவர்) டுவைட் ஹோவர்ட் வந்து ஸ்கிரீன் வைத்துவிட்டு, அதாவது டிஃபென்டரின் வழியை உடம்பால் மறித்துவிட்டு, கூடையை நோக்கி ஓடுகிறார். ஹார்டனை விரட்டும் டிஃபென்டர் ஸ்கிரீனில் மாட்டிக்கொள்கிறார். எதிரணி சென்டர் ஹார்டனைத் தடுக்க முன்னே வர வேண்டும், அவர் வந்தால் ஹோவர்ட் தனியாகிவிடுவார். இப்போது ஹோவர்டை இடித்து நிறுத்த வேண்டியது யார்? எதிர்ப்பக்கக் கார்னரில் நிற்பவரைக் காக்கிற டிஃபென்டர். அவர் எவ்வளவு தூரம் உள்ளே வரத் துணிவார் என்பதில்தான் மொத்த ஆட்டமும் இருக்கிறது. பெயிண்ட், அதாவது கூடைக்கு முன்னால் வண்ணம் பூசிய பகுதி, 16 அடி அகலம், கார்னர் மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து 22 அடி. ஆக பெயிண்டின் விளிம்பிலிருந்து கார்னரில் நிற்பவரைத் திரும்ப எட்ட ஏறக்குறைய 14 அடி ஓட வேண்டும். பந்து வந்த கணமே, தூக்கிப் பிடித்த கையை இறக்காமல் எறிகிறவர் கார்னரில் நின்றால், அந்த டிஃபென்டர் ஒரு காலை மட்டும்தான் உள்ளே வைப்பார். பந்தை வாங்கி, ஒரு தடவை தரையில் தட்டி, யோசித்துவிட்டு ஆடுகிறவர் நின்றால் இரண்டு காலையும் தாராளமாக உள்ளே வைத்துக்கொள்வார். லின்னின் பலமே வேகத்தை மாற்றி மாற்றி உள்ளே நுழைவதுதான். அதற்குப் பந்து கையில் இருக்க வேண்டும், முன்னால் இடம் இருக்க வேண்டும். ஹார்டன் பக்கத்தில் இரண்டும் கிடைக்காது. பெவர்லிக்கு இரண்டுமே தேவையில்லை. கார்னரில் நிற்பார், வந்தால் எறிவார், மறுமுனையில் எதிரணி பாயிண்ட் கார்டை முழு மைதானமும் விரட்டுவார். அந்த ஒரு வேலைக்கே அந்த சீசனில் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களுக்கான ஆல்-டிஃபென்சிவ் இரண்டாம் அணியில் இடம் பிடித்தார். விரட்டுவதை ஹார்டன் செய்யப் போவதில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

லின்னுக்கும் இது இழப்பில்லை என்பதுதான் பலருக்குப் பிடிபடாத விஷயம். ஹார்டன் உட்காரும் நிமிடங்களில் பந்து முழுக்க லின்னுடையது. அந்த நேரத்தில் பெவர்லியை வைத்து ஆடினால் பந்தை மேலே கொண்டுவரவே ஷாட் கிளாக்கில் (கூடைக்கு எறிய அணிக்குள்ள 24 நொடிக் கெடு) ஏழெட்டு நொடி தின்றுவிடும்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ், 2023-24. விக்டர் வெம்பன்யாமாவுக்கு அது முதல் சீசன். கோச் கிரெக் போப்பவிச் சீசனைத் தொடங்கியபோது பாயிண்ட் கார்டாக இறக்கியது ஜெரமி சோஹனை. அவர் ஃபார்வர்டு, உயரம் 6 அடி 8 அங்குலம். பழகிய பாயிண்ட் கார்டான டிரே ஜோன்ஸ் பெஞ்சில். உயரமான ஐவரை வைத்தால் டிஃபென்ஸில் யாரும் யாரையும் மாற்றிப் பிடிக்கலாம் என்ற யோசனை புரியத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஐந்தில் பந்தை நடத்த வேறு யாருமே இல்லை. சோஹன் வெளியிலிருந்து எறிவதைப் பற்றி எதிரணிக்குப் பயம் கிடையாது. அதனால் அவருக்கு ஸ்கிரீன் வைத்தால் அவருடைய டிஃபென்டர் 'அண்டர்' போய்விடுவார், அதாவது ஸ்கிரீன் வைப்பவருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வந்து வழியை மறித்து நின்றுவிடுவார். ஸ்கிரீன் வைத்ததே வீண். வெம்பன்யாமா கூடைக்குக் கீழே கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார், பாஸ் அரை நொடி தாமதமாக வரும். அந்த அரை நொடியில் முன்னால் ஓர் ஆள், பின்னால் ஓர் ஆள். அந்த சீசனில் ஸ்பர்ஸ் தொடர்ச்சியாக 18 ஆட்டம் தோற்றது. எல்லாத் தோல்வியையும் சோஹன் தலையில் கட்டுவது அநியாயம், அணியே இளம் அணி. ஆனால் ஜனவரியில் டிரே ஜோன்ஸ் முதல் ஐந்துக்கு வந்த பிறகு ஆட்டத்துக்கு ஓர் ஒழுங்கு வந்தது கண்கூடு. ஜோன்ஸ் நட்சத்திரம் இல்லை, பெரிய ஷூட்டரும் இல்லை. பந்தை இழக்க மாட்டார், கேட்ட இடத்தில் கேட்ட நேரத்தில் கொடுப்பார். அந்த நால்வருக்கு இல்லாமல் இருந்தது அதுதான். அடுத்த சீசனில் 39 வயது கிறிஸ் பாலைக் கூட்டி வந்து 82 ஆட்டத்திலும் முதல் ஐந்தில் இறக்கியதும் இதே காரணத்துக்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது நிமிடக் கணக்கு. இதை ஏனோ யாரும் போடுவதில்லை. ஓர் ஆட்டம் 48 நிமிடம். முதல் கார்டு 34 நிமிடம் ஆடினால் மிச்சம் 14 தான். இருவரும் சேர்ந்து ஆட முடியாது என்றால் இரண்டாமவருக்கு அந்த 14-க்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கிடையாது. அவருக்கு 28 நிமிடம் வேண்டும் என்று நீங்கள் கேட்டால், குறைந்தது 14 நிமிடம் இருவரும் ஒன்றாக மைதானத்தில் இருக்க வேண்டும். அப்படியானால் விவாதிக்க வேண்டியது அந்த 14 நிமிடத்தைப் பற்றி: ஒருவர் பந்தோடு இருக்கையில் மற்றவர் என்ன செய்வார், எதிரணியின் உயரமான விங்கை (பக்கவாட்டில் ஆடுகிறவரை) யார் பிடிப்பார்?

ஃபீனிக்ஸ் சன்ஸ் 2014-15-இல் இந்தக் கணக்கில்தான் உடைந்தது. கோரன் டிராகிச் முந்தின சீசனில் மோஸ்ட் இம்ப்ரூவ்ட் பிளேயர் (அதிகம் முன்னேறியவர்) விருது வாங்கியவர். எரிக் பிளெட்சோவுக்கு ஐந்து ஆண்டுக்கு 7 கோடி டாலர். போதாதென்று ஐசையா தாமஸையும் எடுத்தார்கள். மூவருக்கும் தலா 32 நிமிடம் என்றால் 96, அதாவது 48-ஐப் போல இரண்டு மடங்கு. சராசரியாக எந்த நொடியிலும் மூவரில் இருவர் உள்ளே இருந்தாக வேண்டும். மூவருமே பந்து கையில் இருந்தால்தான் உயிர் வருகிறவர்கள். திறமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது: தாமஸ் பிறகு பாஸ்டனுக்காக 2016-17-இல் ஆட்டத்துக்கு 28.9 புள்ளி அடித்தார். ஆனால் 2015 பிப்ரவரி டிரேட் கெடு நாளில் (அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள்) டிராகிச் மயாமிக்கும் தாமஸ் பாஸ்டனுக்கும் போய்விட்டார்கள். முந்தின சீசனில் 48 வெற்றி, அந்த சீசனில் 39.

இதே இரட்டைக் கார்டு ஏற்பாடு டல்லாஸில் எப்படிப் பலித்தது? 2011 ஃபைனல்ஸில் மயாமிக்கு எதிராக 2-1 என்று பின்தங்கியிருந்த நிலையில், நான்காவது ஆட்டத்தில் கோச் ரிக் கார்லைல் டிஷான் ஸ்டீவன்சனை உட்கார வைத்துவிட்டு ஜே.ஜே. பரேயாவை ஜேசன் கிட் பக்கத்தில் இறக்கினார். கிட்டுக்கு அப்போது 38 வயது. பந்தை விட்டுக் கொடுப்பதில் அவருக்குச் சங்கடமே இல்லை, வெளியே நின்று மூன்று புள்ளி எறியக் கற்றிருந்தார், தன்னைவிட உயரமானவர்களோடு மல்லுக்கட்டும் உடம்பும் இருந்தது. பரேயா குட்டையாக இருந்தும் தாக்குப்பிடித்ததற்கு கிட்டும் காரணம், பின்னால் நின்ற சென்டர் டைசன் சாண்ட்லரும் காரணம். 86-83, 112-103, 105-95: மூன்றும் வென்று கோப்பையை எடுத்தார்கள்.

முதல் ஐந்தில் விரட்டும் கார்டை வைப்பதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு, ஃபவுல். ஆறு ஃபவுலில் வெளியே. முதல் ஐந்து நிமிடத்தில் இரண்டு வாங்கிவிட்டால் பெரும்பாலான கோச்சுகள் உடனே எடுத்துவிடுவார்கள், திட்டமிட்ட சுழற்சி மொத்தமும் கலைந்துவிடும். அதோடு ஒரு குவார்ட்டரில் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ. ஆக அவருடைய ஃபவுல் அவர் உட்கார்ந்த பிறகும் அணியைக் கடிக்கும். இதற்கு மருந்து இருக்கிறது. முதல் சில நிமிடம் அவரை எதிரணியின் இரண்டாவது கார்டின் மேல் விட்டுவிட்டு, பந்துக்காரரை உயரமான விங்கிடம் கொடுப்பது. முழு மைதான விரட்டலை இரண்டாவது குவார்ட்டருக்கு ஒத்திப்போடுவது.

எண்களை வைத்து வாதாடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 20 ஆட்டம் முடிந்ததும் "இவர் மூன்று புள்ளியில் 40 சதவீதம், அவர் 31 சதவீதம்" என்று படம் போடாதீர்கள். ஆட்டத்துக்கு ஐந்து முயற்சி என்றால் 20 ஆட்டத்தில் 100 முயற்சி. உண்மையில் 35 சதவீதம் போடக்கூடிய ஒருவர், 100 எறிதலில் 30-க்கும் 40-க்கும் நடுவே விழுவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு தடவைதான். மீதி ஒரு தடவை அதற்கு வெளியே. அந்த இருவரும் ஒரே தரத்து ஷூட்டர்களாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பிளஸ்-மைனஸும் (ஒருவர் உள்ளே இருக்கும்போது இரு அணிகளின் புள்ளி வித்தியாசம்) அப்படித்தான்: முதல் ஐந்தில் இறங்குகிறவர் சிறந்த நால்வரோடு, எதிரணியின் சிறந்த ஐவருக்கு எதிராக ஆடுகிறார். பெஞ்சிலிருந்து வருகிறவருக்கு இரண்டுமே வேறு. இரண்டு எண்ணையும் அப்படியே ஒப்பிட்டுப் பயனில்லை.

அதற்குப் பதில் நான் பார்க்கச் சொல்வது ஷாட் கிளாக்கை. கார்டு நடுக்கோட்டைத் தாண்டி முதல் ஸ்கிரீன் வரும்போது கிளாக்கில் எவ்வளவு இருக்கிறது? 18, 19 இருந்தால் ஒரு பிக் அண்ட் ரோல் (ஸ்கிரீன் வைத்துவிட்டுக் கூடைக்கு ஓடும் ஆட்டம்) பலிக்காவிட்டாலும் பந்தை மறுபக்கம் திருப்பி இன்னொன்று ஆட நேரம் உண்டு. 13, 14 என்றால் ஒரே வாய்ப்பு, அதன்பின் கடைசி நொடியில் கஷ்டமான எறிதல்தான். அடுத்தது டர்ன்ஓவரின், அதாவது எறியாமலே பந்தை இழப்பதன், வகை. பந்து கோட்டுக்கு வெளியே போனால் எல்லோரும் திரும்பி ஓடிவந்து நிற்க நேரம் கிடைக்கும். பாஸை எதிரணி இடைமறித்தால் அடுத்த நான்கு நொடியில் மறுமுனையில் லே-அப். இரண்டும் புள்ளிவிவரத்தில் ஒரே 'ஒன்று'. ஆட்டத்துக்கு மூன்று டர்ன்ஓவர் செய்யும் இரண்டு கார்டுகளில் ஒருவர் மற்றவரைவிட இரட்டிப்பு நஷ்டம் தரலாம்.

சம்பளம் அதிகம் என்பதால் இறக்க வேண்டும், இத்தனை வருடம் உழைத்தவர் என்பதால் இறக்க வேண்டும் என்ற வாதங்களில் எனக்கு உடன்பாடில்லை, மனம் கனத்தாலும். ஸ்பர்ஸில் டோனி பார்க்கரை 19 வயதில், 28-ஆவது தேர்வாக வந்த பையனை, முதல் சீசனிலேயே முதல் ஐந்தில் நிறுத்திய அதே போப்பவிச்தான் 2018 ஜனவரியில் அந்த இடத்தை 21 வயது டிஜான்டே மர்ரேவிடம் கொடுத்தார். பார்க்கர் அதை வாய்விட்டு எதிர்க்கவில்லை. கிறிஸ் பாலும் வழக்கமான சீசனில் 1,214 ஆட்டங்கள் தொடர்ந்து முதல் ஐந்திலேயே இறங்கிவிட்டு, 2023 அக்டோபரில் கோல்டன் ஸ்டேட்டுக்காக முதல் முறையாகப் பெஞ்சிலிருந்து வந்தார். பாயிண்ட் கார்டு ஸ்டெஃபன் கரி ஏற்கெனவே இருக்கிற ஐந்தில் கேள்வியே வேறு.

முடிவு எடுத்த பிறகு குறைந்தது 15 ஆட்டமாவது அதைத் தொடக்கூடாது. மூன்று தோல்வியில் மாற்றினால் இருவருக்குமே தங்கள் வேலை என்னவென்று தெரியாமல் போகும். முதல் மாற்றம் ஆறாவது நிமிடத்தை ஒட்டி, இரண்டாமவர் முதலில் முதலாமவர் பக்கத்திலேயே உள்ளே வந்து, பிறகு தனியாக நடத்தட்டும். ஆட்டத்தை முடிக்கும் ஐவரைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசி இரண்டு நிமிடத்தில் பின்தங்கிய அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்யும், ஃப்ரீ த்ரோவை நம்பிப் போடக்கூடியவர்கள் உள்ளே இருந்தாக வேண்டும். 2019 ஃபைனல்ஸின் ஆறாவது ஆட்டத்தை டொரன்டோ 114-110 என்று வென்று கோப்பையை எடுத்தபோது, முதல் ஐந்தில் இறங்கிய கார்டு கைல் லௌரி 26 புள்ளி, பெஞ்சிலிருந்து வந்த கார்டு ஃப்ரெட் வான்வ்லீட் 22 புள்ளி. நான்காவது குவார்ட்டரில் இருவரும் ஒன்றாகத்தான் ஆட்டத்தை நடத்தினார்கள்.