48 நாளில் நரம்பு நேராகுமா?

வன்னிப் பக்கம் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது: "கை கால் விறைத்த பிள்ளைக்கு நரம்பு பின்னிப்போய்க் கிடக்குது. 48 நாள் எண்ணெய் பூசி உருவினால் நடக்கும். கிளினிக்கில் தரும் பயிற்சியை நிறுத்துங்கோ."

இது பிழை. பிள்ளைக்குக் கை கால் இப்படி விறைப்பது பெரும்பாலும் பெருமூளை வாதத்தால் (cerebral palsy). அதில் பாதிக்கப்பட்டது மூளை. கருவிலோ, பிறக்கும்போதோ, முதல் சில வருடங்களிலோ வளரும் மூளைக்கு ஏற்பட்ட சேதம் அது. குறைமாதப் பிரசவம், மூச்சுத் திணறல், கவனிக்காமல் விட்ட கடும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் எல்லாம் காரணமாகலாம். சில பிள்ளைகளில் காரணமே பிடிபடாது. தாய் கிரகணத்தில் வெளியே போனதால் வந்தது என்பதும் கதைதான். பாவம், ஏற்கெனவே நொந்திருக்கும் தாயின் தலையில் அதையும் ஏற்றுகிறார்கள்.

சரி, எண்ணெய் பூசலாமா? மெதுவாகத் தடவினால் பிள்ளைக்குச் சுகமாக இருக்கலாம், குணமாகாது. ஆனால் கத்தரிக்கோல் போலப் பின்னும் கால்களைப் பலவந்தமாக இழுத்து உருவுவது ஆபத்து. நிற்காத, நடக்காத பிள்ளையின் எலும்பு பலவீனமாக இருக்கலாம், முறிந்துவிடக்கூடும்.

மூளைச் சேதம் கூடிக்கொண்டு போகாது. ஆனால் பயிற்சியை நிறுத்தினால் தசை சுருங்கி மூட்டு இறுகும், இடுப்பு விலகவும் கூடும். பயிற்சி என்றால் பெரிய மெஷின் வேண்டியதில்லை. பிள்ளையைக் கதிரையில் முதுகு நிமிர்த்தி, பாதம் பலகையில் பதிய இருத்தி, நாடியைச் சற்றுத் தாழ்த்திக் கஞ்சி பருக்குவதும் அதில் ஒன்று. படுக்கவைத்துப் பருக்கினால் கஞ்சி நுரையீரலுக்குள் போய் நியூமோனியா வரக்கூடும்.

நாலு மாதமாகியும் தலை நிற்கவில்லையா, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவிக்கிறதா? அடுத்த கிளினிக்கிலேயே குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள்.